கையைச் சுடும் டார்ச்: பயப்பட வேண்டுமா?

கேள்வி: அலுமினிய உடல் கொண்ட எல்.இ.டி. டார்ச் வைத்திருக்கிறேன். முழு வெளிச்சத்தில் போட்டால் மூன்றே நிமிடத்தில் பிடிக்க முடியாதபடி சுடுகிறது. வெளிச்சமும் தானாகக் குறைந்துவிடுகிறது. எல்.இ.டி. சூடாகாது என்பார்களே? சீக்கிரம் பழுதாகிவிடுமா?

பதில்: அது பாதி உண்மைதான். பழைய குண்டு பல்பு தன் சூட்டில் பெரும்பகுதியை வெளிச்சத்தோடு சேர்த்தே முன்னால் வீசிவிடும். எல்.இ.டி. அப்படி வீசாது. வாங்கும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் அந்தச் சின்னஞ்சிறு சிப்பிலேயே சூடாகத் தங்குகிறது. அது வெளியேற இருக்கும் வழி பின்பக்கம் மட்டும்: சிப்பிலிருந்து அடித்தகடு, தகட்டிலிருந்து டார்ச்சின் உடல், உடலிலிருந்து உங்கள் கை. கை சுடுகிறது என்றால் வழி அடைபடவில்லை என்று அர்த்தம்.

நான் சந்தேகப்படுவது, அதே வெளிச்சம் கொடுத்தும் சுடாத டார்ச்சைத்தான். பிரித்துப் பார்த்தால் தகடு ஆடிக்கொண்டிருக்கும். அடியில் தடவிய, சூட்டைக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாக உதிரும். உள்ளே மாட்டிக்கொண்ட சூடு, சிப்பின் மேலுள்ள மஞ்சள் பூச்சையும் சிலிக்கோனையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்கும். வெளிச்சம் மங்கும், நிறமும் மாறும்.

வெளிச்சம் தானாகக் குறைவது கோளாறு அல்ல. சூடு எல்லை மீறாமலிருக்க டார்ச்சே மின்சாரத்தைக் குறைத்துக்கொள்கிறது. டார்ச்சுகளுக்கான எஃப்.எல்.1 தர அளவீட்டில் லூமென்ஸ் எண்ணை, அதாவது வெளிச்சத்தின் அளவை, எடுப்பதே, போட்ட 30 வினாடியிலிருந்து 2 நிமிடத்துக்குள்தான். அட்டையில் உள்ள எண் அந்த நேரத்துக்கானது.

அட்டையில் 50,000 மணி நேரம் என்றும் போட்டிருக்கும். எல்.இ.டி.க்கு ஆயுள் என்பது அணைந்துபோகும் நாள் இல்லை. வழக்கமாக, வெளிச்சம் 70 சதவீதத்துக்கு இறங்கும் வரையான காலம். தினம் அரை மணி நேரம் எரித்தால் 270 வருடம் வருகிறது! பேரப்பிள்ளைகளுக்கு எழுதிவைக்கலாம். அதற்கு வெகுமுன்பே போவது பேட்டரி. லித்தியம் அயான் செல்லும் அதே சூடான குழாய்க்குள்தானே உட்கார்ந்திருக்கிறது? பொதுவாக, பயன்பாட்டில் 60 டிகிரி செல்சியஸையும் சார்ஜ் ஏறும்போது 45 டிகிரியையும் அது தாண்டக் கூடாது. அதனால் சுடச்சுட சார்ஜில் போடாதீர்கள், ஆறட்டும். வெயிலில் நிற்கும் காருக்குள்ளும் விட்டுவைக்காதீர்கள்.

தூரத்தில் எதையாவது பார்க்க மட்டும் முழு வெளிச்சம், நடக்க நடு அளவு போதும். பாதியாகக் குறைத்தாலும் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. மெத்தையில் போட்டு எரிப்பதைவிடக் கையில் பிடிப்பது நல்லது, உடம்பின் ரத்த ஓட்டமே சூட்டை இழுத்துக்கொள்ளும். சூடான டார்ச்சைத் தண்ணீரில் முக்கினால் உள்காற்று சுருங்கி, ரப்பர் வளையம் தேய்ந்திருந்தால் அதன் வழியே ஈரத்தை உறிஞ்சிவிடும்.

நன்றாக ஆறிய பிறகும் பழைய வெளிச்சம் திரும்பவில்லையா? முதலில் முழு சார்ஜ் ஏறிய வேறொரு செல்லைப் போட்டுப் பாருங்கள். அதிலும் மங்கலாக எரிந்து, உடலும் முன்போல் சுடாமல் இருந்தால், தலையைக் கழற்றித் தகட்டைப் பார்க்க வேண்டியதுதான்.