வாசகர் கேள்வி பதில்: வெயிலைப் பேசி முடித்த பிறகு

கேள்வி: ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கோயில் வளாகத்து வேப்பமரத்தடியில் அரைமணி நேரம் நின்று பேசுவோம். வெயில், பிள்ளைகளின் மார்க், யார் வீட்டில் கல்யாணம், இவ்வளவுதான். பல வருடப் பழக்கம் இருந்தும் விசுவாசத்தைப் பற்றி மனம் திறந்து பேசியதே இல்லை. எப்படி ஆரம்பிப்பது?
(வாசகி, பாளையங்கோட்டை)

பதில்: புதுப் பேச்சு எதையும் ஆரம்பிக்க வேண்டாம். நடக்கிற பேச்சிலேயே இன்னொரு கேள்வி கேளுங்கள், போதும்.

"பையன் ரிசல்ட் வந்துச்சா?"
"வந்துச்சுக்கா. நினைச்ச மார்க் இல்ல. என்ன செய்ய, கர்த்தர் சித்தம்."

இந்த இடத்தில் "ஆமா, எல்லாம் நன்மைக்குத்தான்" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அந்தத் தங்கை கையிலிருந்த வேதப்புத்தகத்தின் ஜிப்பை இழுத்து மூடிவிட்டுக் கிளம்பிவிடுவார். அதற்குப் பதிலாக, "கர்த்தர் சித்தம்னு மனசு ஏத்துக்கிடுதா, இல்ல இன்னும் கஷ்டமா இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். கேட்டபின் பேசாமல் இருங்கள். மனதுக்குள் பத்து எண்ணும்வரை அந்த மௌனத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் காரியம் கெடுவது இங்கேதான். மௌனம் தாங்காமல் நாமே, சகலமும் நன்மைக்கு என்கிற ரோமர் 8:28-ஐச் சொல்லிவிடுவோம். வசனம் சத்தியமானதுதான், ஆனால் அவர் மனதில் இருந்தது வெளியே வராமலே போய்விடும்.

லூக்கா 24-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். எம்மாவு ஊருக்கு நடந்துபோகிற இரண்டு சீஷர்களோடு, உயிர்த்தெழுந்த இயேசு தாம் யாரென்று காட்டிக்கொள்ளாமல் சேர்ந்து நடக்கிறார். நடந்தது எல்லாம் அவருக்குத் தெரியும். ஆனாலும் என்ன பேசிக்கொண்டு வருகிறீர்கள் என்று கேட்கிறார். எருசலேமில் நடந்தது உமக்குத் தெரியாதா என்று அவர்களில் ஒருவரான கிலெயோப்பா திருப்பிக் கேட்டதும், "எவைகள்" என்று மறுபடி கேட்கிறார். 24-ஆம் வசனம் வரை அவர்கள்தான் பேசுகிறார்கள். 'நம்பியிருந்தோம்' என்ற அவர்களுடைய ஏமாற்றம் முழுவதும் வெளியே வந்த பிறகு, 25-ஆம் வசனத்தில்தான் அவர் போதிக்கத் தொடங்குகிறார்.

இன்னும் சில. ஐந்து பேர் கூடி நிற்கும்போது இப்படிக் கேட்காதீர்கள். பஸ் ஸ்டாப் வரை இருவராக நடக்கும்போது கேளுங்கள். முகத்துக்கு முகம் பார்க்காமல் நடக்கையில் பேச்சு லேசாக வரும். 'ஏன்' என்று தொடங்கும் கேள்வி விசாரணை போல் ஒலிக்கும். 'எப்படி', 'எது' என்று கேட்பது நல்லது. "பிரசங்கம் நல்லா இருந்துச்சுல்ல?" என்றால் "ஆமா" என்பதோடு முடிந்துவிடும். "சத்துருக்களைச் சிநேகிக்கச் சொல்ற இடம் எனக்கு இன்னும் முடியல. உங்களுக்கு எப்படி?" என்று முதலில் உங்கள் பங்கை இரண்டு வரியில் வைத்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: லெந்து காலத்தில் கறி சாப்பிடுவதில்லை. அலுவலகத்தில் இந்து நண்பர் ஒருவர் காரணம் கேட்டார். பிரசங்கம் பண்ணுவது போல் ஆகிவிடுமோ என்று மழுப்பிவிட்டேன். என்ன சொல்லியிருக்கலாம்?
(வாசகர், சென்னை)

பதில்: "சும்மா, வீட்டு வழக்கம்" என்றால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். ஆதியாகமத்தில் ஆரம்பித்தால் அவர் டிபன் பாக்ஸை மூடிவிடுவார். கேட்ட அளவுக்குச் சொல்லுங்கள்: "சாம்பல் புதன்ல இருந்து ஈஸ்டர் வரைக்கும், ஞாயிறை விட்டுட்டு 40 நாள். இயேசுவோட பாடுகளை நினைச்சு மனசைத் திருத்திக்கிற காலம். கறியை விடறது சுலபமா இருக்கு, கோபத்தை விடறதுதான் முடியல." இந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அதைக் கேட்டால்தான் நீங்கள் மேலே நின்று பேசவில்லை என்று அவருக்குத் தெரியும்.

பிறகு, "நீங்க சஷ்டி விரதம் இருப்பீங்களே, எதை நினைச்சு இருப்பீங்க?" என்று கேளுங்கள். உங்கள் முறை வருவதற்காகக் கேட்காமல், பதிலை அறியும் ஆசையோடு கேளுங்கள். 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, தமிழர்களுக்குக் கேள்விகளைக் கடிதமாக அனுப்பி, அவர்களுடைய சமயத்தையும் வாழ்க்கையையும் பற்றிய பதில்களை வாங்கி, ஜெர்மனியில் ஹாலேவுக்கு மொழிபெயர்த்து அனுப்பினார். மிஷனரியாக வந்தவரே அப்படிக் கேட்டிருக்கிறார்.

1 பேதுரு 3:15 'விசாரித்துக் கேட்கிற' யாவருக்கும், 'சாந்தத்தோடும் வணக்கத்தோடும்' பதில் சொல்லச் சொல்கிறது. உங்களுக்குக் கீழே வேலை பார்ப்பவரிடம் மட்டும் நீங்களாக இந்தப் பேச்சை எடுக்காதீர்கள். பிடிக்காவிட்டாலும் அவரால் எழுந்து போக முடியாது.

கேள்வி: இப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போது எதிரில் இருப்பவர் அழுதுவிட்டால்?
(வாசகி, நாகர்கோவில்)

பதில்: பக்கத்தில் உட்காருங்கள். வேதத்தில், பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து தவித்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் உட்கார்ந்திருந்தது சரியாகத்தான் இருந்தது. விளக்கம் சொல்லக் கிளம்பியபோதுதான் அவரை நோகடித்தார்கள். "ஜெபிச்சுக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போவதைவிட, "இப்பவே ஜெபிக்கலாமா?" என்று கேளுங்கள். சரி என்றால் ஒரு நிமிடம், அவர் சொன்னதை மட்டும், சாதாரணத் தமிழில் ஜெபியுங்கள். அவர் சம்மதிக்காமல் ஜெபக்குழு வாட்ஸ்அப்பில் போடவே கூடாது. பெயரில்லாமல் போட்டாலும் ஊருக்குள் யாரென்று தெரிந்துவிடும். அடுத்த ஞாயிறு அவர் தனியாக இருக்கும்போது, "அந்த விஷயம் எப்படி இருக்கு?" என்று மறக்காமல் கேளுங்கள்.