மரபணுவைச் சுமக்கும் நானோத் துகள்கள்: தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்துக் கேள்விகள்

சாட்ஸ்வர்த்திலிருந்து: அக்கா, மரபணு மருந்தாகத் தரும் ஆர்என்ஏ மூலக்கூறை அப்படியே ஊசியில் ஏற்றினால் ஆகாதா? எதற்கு நானோத் துகள்?

ஆகாது தம்பி. இரத்தத்திலுள்ள நொதிகள் அதைச் சீக்கிரமே துண்டு துண்டாக்கிவிடும். தப்பிப் பிழைத்தாலும், ஆர்என்ஏவுக்கும் எதிர்மின்னூட்டம், செல் சவ்வுக்கும் எதிர்மின்னூட்டம். கிட்டவே சேராது. அதனால்தான் அதைக் கொழுப்பாலான மிகமிகச் சிறிய துகளுக்குள் பொதிந்து அனுப்புகிறார்கள்.

ஃபீனிக்ஸிலிருந்து: 'தூண்டலுக்கு ஏற்ப மாறும்' பொருள் என்கிறார்களே, எது தூண்டுகிறது?

பெரும்பாலும் அமிலம்தான். இரத்தத்தின் பிஎச் 7.4 (பிஎச் எண் குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்). அங்கே இந்தக் கொழுப்புத் துகளுக்கு மின்னூட்டம் ஏறக்குறைய இல்லை, சாதுவாகச் சுற்றும். செல் அதை விழுங்கி எண்டோசோம் என்னும் சிறு பைக்குள் அடைத்ததும் பிஎச் 6, 5 என்று இறங்குகிறது. உடனே கொழுப்பு நேர்மின்னூட்டம் ஏற்று, பையின் சவ்வோடு கலந்து அதைக் குலைக்கிறது. ஆர்என்ஏ வெளியே நழுவுகிறது. 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பாடிசிரான் என்ற ஆர்என்ஏ மருந்தும், ஃபைசர், மாடர்னா கொரோனா தடுப்பூசிகளும் இந்த வழியில்தான் வேலை செய்கின்றன.

ஆனால் வெளியே வருவது நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் என்று அளந்திருக்கிறார்கள். மிச்சம் அங்கேயே செரித்துப் போகும், அல்லது செல்லுக்கு வெளியே திரும்பத் தள்ளப்படும். செல்லுக்குள் துகள் பளபளக்கும் படத்தைக் காட்டி வெற்றி என்பவர்களிடம், பையை விட்டு வெளியே வந்ததா என்று கேளுங்கள். என்னைக் கேட்டால் இந்தத் துறையின் முடிச்சே அங்கேதான்.

டோங்காட்டிலிருந்து: அமிலத்தை விட்டால் வேறு வழி?

குளூட்டத்தயோன் இருக்கிறது, செல்லே தயாரிக்கும் ஒரு சிறு மூலக்கூறு. இரத்தத்தில் இருப்பதைவிடச் செல்லுக்குள் பல நூறு மடங்கு அதிகம். கந்தகப் பிணைப்பால் கட்டிய துகளை அது அவிழ்த்துவிடும். ஒளி, காந்தம், வெப்பம் என்றும் முயல்கிறார்கள். ஒளி தோலைத் தாண்டி ஆழமாகப் போகாது, கல்லீரலுக்கெல்லாம் சரிப்படாது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து: அப்பாவுக்குக் கொலஸ்டிரால். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசியும் நானோதானா?

இன்கிளிசிரானைச் சொல்கிறீர்கள். அதில் துகளே இல்லை. ஆர்என்ஏவோடு ஒரு சர்க்கரை மூலக்கூறைக் கோத்திருக்கிறார்கள், கல்லீரல் செல் அதை அடையாளம் கண்டு உள்ளே இழுத்துக்கொள்ளும். அதற்காக டாக்டரைக் கேட்காமல் அப்பாவின் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

மெரிபேங்கிலிருந்து: நம் நாட்டில் யாராவது செய்கிறார்களா?

கேப் டவுனில் ஆஃப்ரிஜென் என்னும் உயிரித் தொழில்நுட்ப நிறுவனம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் அறிவித்த எம்ஆர்என்ஏ (செல்லைப் புரதம் செய்யச் சொல்லும் ஆர்என்ஏ) தடுப்பூசித் தொழில்நுட்ப மையம் அங்கேதான். 2022 தொடக்கத்திலேயே, மாடர்னா உதவாமல், வெளியாகியிருந்த தகவலை வைத்து ஆய்வகத்தில் தடுப்பூசி செய்து காட்டினார்கள். படிக்கிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் வேதியியலை விட்டுவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். அங்கே உயிரியல் மட்டும் போதாது.