தனியார் மண் அணை: கேட்டவர்களுக்குப் பதில்

கே: என் நிலத்தில் 5 மீட்டர் உயர மண் அணை. கரையில் ஒரு விரிசல்கூட இல்லை. ‘உயர் அபாயம்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எதை வைத்து?

ப: கரைக்குக் கீழே இருப்பவர்களை வைத்து. உடைந்தால் யாருக்கு என்ன ஆகும் என்பதுதான் அபாய வகை. உடையுமா என்பது வேறு கணக்கு, அதற்குத் தனி ஆய்வு உண்டு. அமெரிக்க முறையில், ஓர் உயிர் போகக்கூடும் என்றாலே உயர் வகை. உயிர் தப்பி, சாலையும் அடுத்தவர் சொத்தும் போனால் நடு வகை. சேதம் உங்கள் நிலத்தோடு முடிந்தால் தாழ் வகை. நேற்றுக் கட்டிய அணை உயர் வகையில் இருக்கலாம், விழப்போகிற அணை தாழ் வகையில் கிடக்கலாம்.

கே: கரையின் பின்சரிவில், அதாவது தண்ணீர் இல்லாத பக்கத்தில், மரங்கள் உண்டு. வேர் மண்ணைப் பிடிக்கும்தானே?

ப: மலையில் பிடிக்கும். கரையில் மரம் பட்டுப்போனால் வேர் மக்கி, தண்ணீருக்கு வழி விடும். கன்றாக இருக்கும்போதே வெட்டுங்கள். புல் போதும்.

கே: அடிவாரத்தில் கசிகிறது. பயப்பட வேண்டுமா?

ப: மண் அணை என்றால் கொஞ்சம் கசியும். கண்ணாடிக் குடுவையில் பிடித்து அரை மணி நேரம் வையுங்கள். அடியில் மண் படிந்தால் கரை உள்ளுக்குள் அரிபடுகிறது, அன்றைக்கே பொறியாளரைக் கூப்பிடுங்கள். தெளிவாக இருந்தால், ஒரு லிட்டர் நிரம்ப எத்தனை நொடி என்று நீர்மட்டத்தோடு சேர்த்து வாராவாரம் எழுதுங்கள். மட்டம் ஏறாமல் கசிவு மட்டும் கூடினால் அதுவும் ஆபத்துதான்.

கே: எங்கள் அணையும் உறுதியானது. அதற்கும் ஏன் உயர் வகை?

ப: முதல் பதில்.

கே: கலிங்கு (மிகுதி நீர் வெளியேறும் வழி) வழியாக மீன் போய்விடுகிறது. வலை கட்டலாமா?

ப: கூடாது. அமெரிக்காவின் சவுத் ஃபோர்க் அணை தனியார் மீன்பிடி மன்றத்தின் சொத்தாக இருந்தது. மீன் தப்பாமல் இருக்கக் கலிங்கில் தட்டி வைத்திருந்தார்கள். 1889 மே மாத வெள்ளத்தில் குப்பை வந்து அதில் அடைத்துக்கொண்டது. வண்டி போகக் கரையின் தலையையும் முன்பே தணித்திருந்தார்கள். தண்ணீர் கரைமேல் ஏறி அணை உடைந்தது. கீழே ஜான்ஸ்டவுன் ஊரிலும் சுற்றிலும் 2,200-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

கே: முதல் பதில் அநியாயம். என் தாத்தா அணை கட்டியபோது கீழே வெறும் புல்வெளி. பிறகு வந்து வீடு கட்டியவருக்காக நான் ஏன் செலவு செய்ய வேண்டும்?

ப: உங்கள் கோபம் நியாயம். அணையைக் கணக்கில் எடுக்காமல் அங்கே வீட்டுக்கு அனுமதி தந்ததும் தவறு. ஆனால் வெள்ளம் யார் முதலில் வந்தது என்று பார்க்காது. தண்ணீரைத் தேக்கி வைத்திருப்பவர் நீங்கள்.

கே: அவர் சொல்வதுதான் சரி. வீட்டுக்காரர்களும் பங்கு கொடுக்கட்டும்.

ப: கேளுங்கள், கிடைத்தால் நல்லது. பேச்சு முடியும்வரை நீர்மட்டத்தை மெல்ல இறக்கி வையுங்கள். சட்டென்று இறக்கினால் கரையின் உட்சரிவு, அதாவது தண்ணீர்ப் பக்கம், சரியக்கூடும்.

கே: எங்கள் கரையில் புல்கூட ஒழுங்காக வெட்டியிருக்கிறோம். ஏன் உயர்...

ப: முதல் பதில்!

கே: கலிங்கில் மணல் மூட்டை அடுக்கி ஓர் அடி கூடுதலாகத் தேக்கியிருக்கிறோம். பரவாயில்லையா?

ப: மூட்டைகளை எடுத்துவிட்டு வாருங்கள். அப்புறம் பேசலாம்.