தாத்தா பெட்டியில் கிடைத்த ஆயிரம் ரூபாய்த் தாள்

அண்ணாச்சி, வணக்கம். அம்பாசமுத்திரத்து வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடைத்த, தஞ்சைப் பெரிய கோயில் படம் போட்ட ஆயிரம் ரூபாய்த் தாளை இஸ்திரி போட்டு விற்கலாமா, என்ன விலை போகும் என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து இஸ்திரிப் பெட்டியைக் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள். மேடாக நிற்கும் அச்சு மை நசுங்கிவிடும். விவரம் தெரிந்தவர் விரலால் தடவியதுமே கண்டுபிடித்து விலையைக் குறைத்துவிடுவார். மடிப்பு அப்படியே இருக்கட்டும்.

ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தாளைப் பிடித்துப் பாருங்கள். குண்டூசித் துளை எத்தனை? நடு மடிப்பில் மை உதிர்ந்து வெள்ளைக் கோடு தெரிகிறதா? மூலைகள் கூராக இருக்கின்றனவா, மழுங்கிவிட்டனவா? வங்கியில் கட்டுகளைக் குத்தித் தைத்த காலம் அது. ஓரத்தில் துளை இருப்பது சகஜம்தான். லேசான ஒற்றை மடிப்பு, தாளில் மொடமொடப்பு, துரு இல்லை என்றால் கிட்டத்தட்டப் புதுத்தாள் என்ற தரத்தில் வைப்பார்கள். பல மடிப்பு விழுந்து தாள் துவண்டிருந்தால் இரண்டு மூன்று படி இறங்கிவிடும்.

அப்புறம் தாளில் இருக்கும் ரிசர்வ் வங்கி கவர்னர் கையெழுத்து. 1954-ல் வந்த, ராமராவ் கையெழுத்திட்ட தாளும் 1975-ன் கே. ஆர். பூரி கையெழுத்திட்ட தாளும் ஒரே விலைக்குப் போகாது. பூரி தாள்தான் சந்தையில் அதிகம். 1978-லேயே செல்லாது என்று அறிவித்துவிட்டதால் வங்கியில் மாற்ற வழியில்லை, சேகரிப்பாளர் தருவதுதான் விலை. அதனால் ஜங்ஷனில் யாராவது கேட்கும் முதல் விலைக்கே கொடுத்துவிடாதீர்கள். அதே கையெழுத்து, அதே தரத்தில் ஏலங்களில் முடிந்த விலையைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். கையெழுத்து தெளிவாகத் தெரியும்படி இரு பக்கப் படமும் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.