கருங்கோல் குறிஞ்சியும் மாட்டுங்கா மல்லிகையும்

கேள்வி: ஆங்கிலத்தில் கவிதை எழுதுகிறேன். அம்மாவைப் பற்றிய 16 வரிக் கவிதையில் மல்லிகை, ஏலக்காய், சந்தனம், மழை மண், ரசம் என ஐந்து வாசனைகளை வைத்தேன். 'படிமம் இல்லை', அதாவது புலனில் படியும்படி எதுவும் இல்லை, என்று ஒரு பத்திரிகை திருப்பி அனுப்பிவிட்டது. ஐந்தும் போதவில்லையா?
— வாசகி, மாட்டுங்கா, மும்பை

பதில்: ஐந்தும் பெயர்களாகத்தான் நிற்கின்றன. 'மல்லிகை' என்று மட்டும் எழுதினால் படிப்பவருக்குத் தனக்குத் தெரிந்த மல்லிகை நினைவுக்கு வரும். உங்கள் அம்மா தலையில் வைத்த சரம் வராது.

குறுந்தொகை 3-ஆம் பாட்டில் தேவகுலத்தார் 'கருங்கோல் குறிஞ்சி' என்கிறார். பூவின் மணத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. காம்பின் கருமையைக் காட்டிவிட்டு நேரே தேனுக்குப் போய்விடுகிறார். கிட்டத்தில் நின்று பார்த்தவருக்குத்தான் காம்பு கண்ணில் படும். அந்தப் பாட்டை ஆங்கிலக் கவிஞர் ஏ.கே. ராமானுஜன் 1967-இல் வந்த தன் குறுந்தொகை மொழிபெயர்ப்பில் ஆங்கிலமாக்கினார். அதற்கு முந்தைய ஆண்டு வெளியான அவருடைய முதல் கவிதைத் தொகுப்பில் கோடையில் வற்றிய வைகையைப் பற்றி ஒரு கவிதை இருக்கிறது. மதகின் துருப்பிடித்த கம்பிகளில் வைக்கோலும் பெண்களின் தலைமுடியும் அடைத்துக் கிடக்கின்றன. ஈரக் கற்கள் தூங்கிவழியும் முதலைகள். காய்ந்த கற்கள் மயிர் மழித்த எருமைகள். மதுரை என்றதும் எல்லாரும் எடுக்கும் மல்லிகையை அவர் தொடவே இல்லை, கவனியுங்கள்.

உங்கள் மும்பையில் வாழ்ந்த கவிஞர் அருண் கொலட்கரையும் பாருங்கள். 1976-இல் வந்த அவருடைய ஆங்கிலக் கவிதைத் தொகுப்பு 'ஜெஜூரி' ஒரு பேருந்துப் பயணத்தோடு தொடங்குகிறது. குளிர்காற்று தார்ப்பாயின் ஒரு மூலையைப் பிடித்துப் பயணியின் முழங்கையில் அறைந்துகொண்டே இருக்கிறது. குளிரும் சத்தமும் அடியும் ஒரே வாக்கியத்தில் வந்துவிடுகின்றன. 'முழங்கை' என்ற ஒரு சொல்லால் நாமும் ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்துவிடுகிறோம்.

இனி உங்கள் கவிதை. ஐந்தில் நான்கை அடித்துவிடுங்கள். 16 வரிக்குள் ஐந்து வாசனை வந்தால் ஒன்று மற்றொன்றை அமுக்கிவிடும். எதுவும் மூக்குவரை வராது. மல்லிகை இருக்கட்டும். 'ஃபிராக்ரன்ட்', 'அரோமா' போன்ற சொற்களையும் எடுத்துவிடுங்கள். நல்ல மணம் என்று அவை முன்கூட்டியே தீர்ப்புச் சொல்லிவிடுவதால் வாசகர் முகர்ந்து பார்க்க எதுவும் மிஞ்சுவதில்லை. அடுத்து, பூவுக்கு ஒரு நேரம் கொடுங்கள். மொட்டாக வாங்கிய சரம் மாலையில்தான் விரியும். மறுநாள் காலை இதழோரம் பழுத்திருக்கும், நார் மட்டும் ஈரமாக இருக்கும். உங்கள் அம்மாவின் சரம் இதில் எந்த வேளையில் இருக்கிறது? மணம் எதில் ஒட்டியிருக்கிறது: தலையணை உறையிலா, கொண்டை ஊசியிலா? மணத்தை வர்ணிக்கும் சொற்கள் ஆங்கிலத்தில் குறைவு. அதனால் அது ஒட்டிய பொருளைக் காட்டித்தான் மணத்தைக் கொண்டுவர முடியும். வினைச்சொல்லைக் கடைசியில் தேடுங்கள், ஆனால் அதற்குத்தான் அதிக நேரம் செலவிடுங்கள். பூ 'இருந்தது' என்றால் போதாது. நசுங்கியதா, உதிர்ந்ததா, முடியில் சிக்கியதா?

இன்னொன்று. ரசம் என்று எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே அது மிளகும் புளியும் சேர்ந்த சாறு என்று விளக்கியிருக்கிறீர்கள். அந்த வரி யாருக்கு? மகள் அம்மாவை நினைக்கும் கவிதைக்குள் திடீரென்று வெளியாள் ஒருவர் வந்து உட்கார்ந்துவிடுகிறார். அதோடு குரல் மாறிவிடுகிறது. தெரியாதவர் தேடித் தெரிந்துகொள்வார். ரசத்தை வைத்தே தீர வேண்டுமென்றால், கொதி வருமுன் மேலே நுரை கூடுகிறதே, அப்போது அம்மாவின் கை அடுப்புத் திருகில் என்ன செய்யும் என்று எழுதுங்கள்.