ஒரே முறைதான் ஓடும்

கேள்வி: செவிலியர் வேலைக்காக ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வு எழுதப் போகிறேன். லிசனிங்கில் ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததும் போய்விடுகிறது. ரீடிங்கில் நேரம் போதவில்லை.
- வாசகி, நாகர்கோவில்

பதில்: தவறியதை அங்கேயே விட்டுவிடுங்கள், அம்மா. ஒலிப்பதிவு ஒரே முறைதான் ஓடும். பெரும்பாலும் விடைகள் கேள்வி வரிசையிலேயே வருவதால், கண் அடுத்த கேள்வியிலும் இருக்கட்டும். என் வகுப்பில் பலர் சறுக்குவது இதில்தான்: "செவ்வாய்... இல்லை, வியாழன்" என்று பேசுபவர் திருத்திக்கொள்வார், நம்மவர்கள் செவ்வாய் என்றே எழுதிவிடுவார்கள். தினமும் பிபிசி செய்தியை 2 நிமிடம் கேட்டு, அப்படியே எழுதிப் பாருங்கள். எழுத்துப்பிழை இருந்தாலும் மதிப்பெண் போய்விடும்.

ரீடிங்கில் 60 நிமிடம், 40 கேள்விகள். ஒரு பத்திக்கு 20 நிமிடம் ஆனதும் நகர்ந்துவிடுங்கள். அப்புறம், மருத்துவப் பத்தி வந்தால் நீங்கள் வார்டில் கற்றதை வைத்து விடை எழுதாதீர்கள். சரியா, தவறா என்று கேட்கும் கேள்வியில், பத்தியில் இல்லையென்றால் விடை 'நாட் கிவன்', அதாவது 'தரப்படவில்லை'தான்.