ஒப்படையை சட்ஜிபிடி எழுதியது என்று மென்பொருள் காட்டினால் புள்ளியைக் குறைக்கலாமா?

கூடாது. சட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே தன் கண்டறியும் கருவியைத் துல்லியம் போதாதென்று 2023 ஜூலையில் நிறுத்திவிட்டது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் இப்படியான 7 கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலப் பரீட்சைக்கு எழுதிய கட்டுரைகளில், சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவற்றை இயந்திரம் எழுதியதாக அவை சொல்லின. எளிய சொற்களும் எதிர்பார்க்கக்கூடிய வசன அமைப்பும் இருந்தாலே இவற்றுக்குச் சந்தேகம் வந்துவிடும். தமிழ் மொழிமூலம் உயர்தரம் படித்துவிட்டுக் கொழும்புக்கு வந்து ஆங்கிலத்தில் ஒப்படை எழுதும் பிள்ளை அப்படித்தானே எழுதும்? அந்தப் பிள்ளைக்குக் கள்ளப்பட்டம் கட்டுவது பெரிய அநியாயம்.

அதற்குப் பதிலாக, மாணவர்களைக் கூகுள் டாக்ஸில் எழுதச் சொல்லி, திருத்த வரலாற்றைப் பாருங்கள். கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்ததா, ஒரேயடியாக ஒட்டப்பட்டதா என்று தெரியும். ஒட்டியிருப்பது மட்டும் குற்றமாகாது, வேறெங்காவது எழுதிக்கொண்டு வந்திருக்கலாம். ஆளைக் கூப்பிட்டு, ‘மூன்றாம் பந்தியில் ஏன் இந்த உதாரணத்தை எடுத்தீர்?’ என்று கேளுங்கள். தமிழில் விளக்கினாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். பெரிய வகுப்பென்றால் சந்தேகமானவர்களோடு குலுக்கல் முறையில் வேறு சிலரையும் கூப்பிடலாம். இப்படிக் கேட்பீர்கள் என்பதை முதல் விரிவுரையிலேயே சொல்லிவிடுங்கள்.